நாற்பத்து மூன்றாம் மேஜை

இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரிகூடக் கிடையாது. எடுத்தது உண்டு. கல்லூரியின் பெயரை எடுத்துவிட்டேன். எந்த வேலைக்கான தேர்வு என்பதையும் எடுத்துவிட்டேன். மற்றதெல்லாம் சுவர்ணா சொன்னது சொன்னபடி.

சுவர்ணா எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவள். நான் ஹூப்ளிக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. அதில் பதினொரு வருஷமாக அவளைத் தெரியும். பொய்யே சொல்லாதவள் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பம்.

இன்னொன்று. இது நள்ளிரவில் நடந்ததில்லை. பட்டப்பகல். போன வருஷம் நாகர பஞ்சமிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. காலை பத்தே காலுக்கு ஆரம்பித்தது. மதியம் மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்கு முடிந்தது.

முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

சுவர்ணாவுக்கு ஒரு தனியார் கல்லூரியில் வேலை. கம்ப்யூட்டர் கூடத்துக்குப் பொறுப்பாளர். மாதத்தில் நாலைந்து நாள் அந்தக் கூடத்தை அரசு வேலைத் தேர்வுகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். எண்பது மேஜை, எண்பது கம்ப்யூட்டர். தேர்வு விதிப்படி ஜன்னல்களை எல்லாம் பலகை வைத்து அடைத்திருப்பார்கள். கதவைச் சாத்திவிட்டால் பகலா ராத்திரியா தெரியாது. ஏசி சத்தம் மட்டும் கேட்கும்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேர்வு. அதற்கு முந்தின நாள் எல்லாக் கம்ப்யூட்டரையும் சுத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக ஓ.எஸ்., அதாவது கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள், போட வேண்டும். இதுவும் விதி. ஒவ்வொன்றாகப் பென் டிரைவ் செருகிப் போட்டால் மூன்று நாள் ஆகும். அதனால் நெட்வொர்க் வழியாகப் போடுவார்கள். பந்தி மாதிரி என்று சுவர்ணா சொல்வாள். கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை, அதில் ஒரு சர்வர். எல்லாக் கம்ப்யூட்டரும் கேபிள் வழியாக அந்த சர்வரிடம் வந்து வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். கடைசி ஆள் உட்கார்ந்ததும் பரிமாற வேண்டியதுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாடு. முக்கால் மணி நேரத்தில் கை கழுவிவிடலாம்.

வருஷக்கணக்காகச் செய்த வேலை. தனியாகத்தான் செய்வாள். கேட்டில் வாட்ச்மேன் பக்கீரப்பா இருப்பார். வேறு யாரும் கிடையாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. 10:15க்குக் கூடத்தைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஆன் செய்துகொண்டே போனாள். எழுபத்தொன்பது. ஏனென்றால் நாற்பத்து மூன்றாம் மேஜையில் கம்ப்யூட்டர் கிடையாது. அதைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. வெறும் மேஜை. மேஜைமேல் ஒரு நெட்வொர்க் கேபிளின் நுனி, எதிலும் செருகாமல், சுருட்டி வைத்தபடி.

கண்ணாடி அறைக்கு வந்து உட்கார்ந்தாள். எத்தனை பேருக்குக் காத்திருக்க வேண்டும் என்று சர்வர் கேட்டது. 79 என்று அடித்தாள். பட்டியல் ஓடியது. ஒன்று வந்தது, இரண்டு வந்தது, பதினேழு வந்தது...

10:52. பட்டியல் நின்றது.

வந்து சேர்ந்தவை: 80.

'நானே தப்பா எண்ணியிருப்பேன்' என்று நினைத்தாள். கூடத்துக்குப் போய் எண்ணினாள். எழுபத்தொன்பது. திரும்பி வந்து பட்டியலை மேலிருந்து கீழே படித்தாள். 41, 42...

43 இருந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி அந்தப் பொய்யைச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பத்து மூன்றாம் மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு வியாதியும் இருந்தது. நினைத்தால் நின்றுவிடும், தானாக மறுபடி கிளம்பும். சுவர்ணா தேர்வு மைய மேனேஜர் பாட்டீலிடம் இரண்டு தடவை சொன்னாள்.

"ஒரே ஒரு எக்ஸாம் ஓட்டிடுங்க மேடம். அப்புறம் புதுசு வாங்கித் தர்றேன். அது என்ன, உங்க வீட்டு மிக்ஸியா? இவ்வளவு கவலைப்படறீங்க!" என்றார் பாட்டீல்.

அந்தத் தேர்வில் அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தவள் பாகீரதி. நவலகுந்து பக்கத்துக் கிராமம். பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. படித்தவள். வயது வரம்பு அந்த வருஷத்தோடு முடிகிறது. அதுதான் கடைசித் தேர்வு.

கம்ப்யூட்டர் மூன்று தடவை நின்றது. முதல் தடவை அவள் கையைத் தூக்கினாள்.

"மேடம்... நின்னு போச்சு."

"உட்காருங்க. தானா வரும்" என்றாள் சுவர்ணா.

இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை அந்தப் பெண் அழவில்லை, கத்தவில்லை. எழுந்து நின்று, கூடத்தில் இருக்கும் மற்றவர்களுக்குத் தொந்தரவு ஆகக் கூடாது என்று மெதுவாகச் சொன்னாள்: "மேடம், நின்னு போச்சு. எனக்கு நேரம் போகுது."

கருவியில் கோளாறு என்று எழுதிக் கொடுத்தால் அவளுக்குக் கூடுதல் நேரம் கிடைத்திருக்கும். மையத்துக்குக் கெட்ட பெயர் வந்திருக்கும். பாட்டீல் ஒரு தாளை நீட்டினார். கோளாறு எதுவும் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. சுவர்ணாவின் கணவர் இறந்து அப்போது நாலு வருஷம். மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டாள்.

அன்று சாயந்தரமே, யாரும் வந்து பார்ப்பதற்கு முன்னால், எண்பது கம்ப்யூட்டரையும் அழித்துப் புது ஓ.எஸ். போட்டாள். நெட்வொர்க் வழியாக. முக்கால் மணி நேரம்தான் ஆனது.

பாகீரதி மனு எழுதினாள். விசாரணைக்கு ஆள் வந்தார். கம்ப்யூட்டரில் எந்தப் பதிவும் இல்லை. பதிவு இல்லை என்றால் கோளாறும் இல்லை. அதற்கப்புறம் அந்தப் பெண் கல்லூரி கேட்டுக்கு வெளியே ஏழெட்டுத் தடவை வந்து நின்றாளாம். சுவர்ணா பின்பக்க வழியாக வீட்டுக்குப் போனாளாம்.

பிறகு அவள் வருவது நின்றுவிட்டது.

இப்போது, 11:02க்கு, சர்வர் பட்டியலில் 43 பளிச்சென்று இருக்கிறது.

சுவர்ணா பயப்படவில்லை. கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. ஒவ்வொரு கேபிளுக்கும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு. கேபிளின் மறுமுனையில் உயிருள்ள கம்ப்யூட்டர் இருந்தால்தான் விளக்கு எரியும்.

நாற்பத்து மூன்றின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

கேபிளைப் பிடுங்கினாள். பெட்டியில் இப்போது வெறும் ஓட்டை.

விளக்கு அணையவில்லை.

பாட்டீலுக்கு போன் போட்டாள்.

"சார், எழுபத்தொன்பது மெஷின்தான் இருக்கு. சர்வர் எண்பதுன்னு காட்டுது."

"ஒண்ணு குறைஞ்சா சொல்லுங்க மேடம். கூடினதுக்கெல்லாமா போன் பண்ணுவீங்க? ஞாயித்துக்கிழமையாவது மனுஷனைச் சாப்பிட விடுங்க."

வைத்துவிட்டார்.

பெட்டி பழசு, விளக்கு கெட்டிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். 11:10க்கு வேலையை ஆரம்பித்தாள். எழுபத்தொன்பது திரையிலும் நீலக் கோடு நகர ஆரம்பித்தது. அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்தாள். சாப்பிட முடியவில்லை. மூடி வைத்தாள்.

11:58. முடிந்தது. எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றாக அணைந்து, ஒன்றாகக் கிளம்பின.

ஓ.எஸ். ஏறியதும் ஒவ்வொரு திரையிலும் அதன் சீட் எண் வரும். முதல் மேஜையில் 1. இரண்டாவதில் 2. தேர்வெழுத வருபவர்கள் இடம் கண்டுபிடிக்க அதுதான் வழி. சுவர்ணா எண் சரியா என்று பார்க்க வரிசையில் நடந்தாள்.

முதல் மேஜை. சீட் 43.

இரண்டாவது மேஜை. சீட் 43.

மூன்றாவது...

அவள் வரிசை நடுவில் நின்று சுற்றிலும் பார்த்தாள். எழுபத்தொன்பது திரை. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் ஒரே எண்.

ஓடி வந்து சர்வரில் எண் பட்டியலைத் திறந்தாள். பட்டியல் சரியாக இருந்தது. ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. நாற்பத்து மூன்றுக்கு நேராகக் காலி. அவள் கையாலேயே காலியாக விட்டது.

கதவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். அவள் சொன்னாள்: "நாளைக்கு எழுபத்தொன்பது பேர் வருவாங்க. அதுல எத்தனை பேருக்குக் கடைசி எக்ஸாமோ? மெஷின் ரெடியா இல்லன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா?"

12:10. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் அழி. எல்லாவற்றுக்கும் புதிதாகப் போடு.

பட்டியல் ஓடியது. 80.

நீலக் கோடு நகர்ந்தது. ஆனால் இந்த முறை சர்வர் திரையில் ஒன்று வித்தியாசமாக இருந்தது. யாருக்கு எவ்வளவு போகிறது என்று காட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் நேராக ஒரு அம்புக்குறி இருக்கும். சர்வர் கொடுக்கும். கம்ப்யூட்டர் வாங்கும். அதனால் எல்லா அம்பும் வெளியே பார்த்திருக்கும்.

நாற்பத்து மூன்றின் அம்பு உள்ளே பார்த்திருந்தது.

அது வாங்கவில்லை... அனுப்பிக்கொண்டிருந்தது.

நிறுத்தும் கட்டளையை அடித்தாள். கேட்கவில்லை. சர்வரையே அணைக்கலாம். ஆனால் எழுபத்தொன்பதும் பாதியில் நிற்கின்றன. இப்போது அணைத்தால் அத்தனையும் செத்த மெஷின். நாளைக்குத் தேர்வு கிடையாது.

அணைக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. உட்கார்ந்திருக்கத்தான் முடியும்.

12:25. கதவு தட்டும் சத்தம்.

பக்கீரப்பா. கையில் காகிதத்தில் கட்டிய கிர்மிட் பொரியும் டீயும். அவள் கதவைத் திறந்தாள். அவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"இந்தாங்க தாயி. நான் உள்ள வரல. எக்ஸாம் நடக்கறப்ப உள்ள வந்தா பாட்டீல் சார் தோலை உரிச்சிடுவார்."

"எக்ஸாம் நாளைக்குத்தான், பக்கீரப்பா."

அவர் அவளுடைய தோளுக்கு மேலாகக் கூடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்ப அது யாரு எழுதிட்டிருக்கிறது?"

சுவர்ணா திரும்பினாள்.

காலி மேஜைகள். நீலத் திரைகள்.

திரும்பவும் வாசலைப் பார்த்தபோது பக்கீரப்பா படியில் பாதி தூரம் இறங்கிவிட்டிருந்தார். டீ தரையில் இருந்தது.

"பக்கீரப்பா!"

"கேட்ல ஆள் இல்ல தாயி!" என்ற குரல் மட்டும் கீழேயிருந்து வந்தது.

கதவைத் திறந்தே வைத்தாள். வராந்தா வெளிச்சம் கொஞ்சம் உள்ளே விழட்டும் என்று. டீயை எடுக்கவில்லை. கண்ணாடி அறைக்குப் போய் உட்கார்ந்தாள். கூடத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து.

12:41.

டக்.

மௌஸ் சத்தம். அந்தத் தேர்வில் விசைப்பலகை கிடையாது. எல்லாக் கேள்விக்கும் மௌஸால்தான் பதில். பதினைந்து வருஷமாகக் கேட்ட சத்தம். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

டக்... டக்.

ஒரே ஒரு மௌஸ். நடு வரிசையிலிருந்து. படிக்கிற அளவுக்கு இடைவெளி. பிறகு ஒரு டக். மறுபடி இடைவெளி.

யாரோ நிதானமாக யோசித்துப் பதில் எழுதுகிறார்கள்.

அவள் திரும்பவில்லை.

12:55. உள்ளே பார்த்த அம்பு இன்னும் ஓடுகிறது. எண்பதுக்கும் பொதுவான கணக்கு: முப்பத்தேழு சதவீதம்.

1:04. டக்... டக்.

1:12. சத்தம் நின்றது.

ஏசி ஓடுகிறது. மழை தெரியவில்லை. எதுவும் தெரியவில்லை.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். இரும்புக் கால், சிமெண்ட் தரை... கிரீச்.

நாற்பத்து மூன்றாம் மேஜைக்கு நாற்காலியே கிடையாது.

காலடி கேட்கவில்லை.

1:20.

குரல் அவளுக்குப் பின்னால், கண்ணாடி அறைக்குள்ளேயே கேட்டது. யாருக்கும் தொந்தரவு ஆகாத மெதுவான குரல்.

"மேடம்... நின்னு போச்சு."

சுவர்ணாவின் கை மேஜைமேல் இருந்தது. அதை அவளால் அசைக்க முடியவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கண்ணை மூடினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன பதில் வாய் வரைக்கும் வந்ததாம். உட்காருங்க, தானா வரும். பழக்கம்.

அதை விழுங்கினாள்.

"தெரியும்மா" என்றாள். "எனக்கு அன்னிக்கே தெரியும். மெஷின் கெட்டதுன்னு தெரிஞ்சுதான் உன்னை உட்கார வெச்சேன். பொய்க் கையெழுத்துப் போட்டது நான்தான்."

அவள் காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு. நீளமாக. வெளியே விட்டது மட்டும்.

உள்ளே இழுத்தது கேட்கவில்லை.

1:31. சர்வர் 'பீப்' என்று கத்தியது. கண்ணைத் திறந்தாள்.

நூறு சதவீதம்.

கூடத்தில் எல்லாத் திரையும் அணைந்து கிளம்பின. சீட் 1. சீட் 2. சீட் 3. சரியாக. ஸ்விட்ச் பெட்டியில் நாற்பத்து மூன்றின் விளக்கு அணைந்திருந்தது.

அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கழுவினாள். திரும்பி வரும்போது மணி இரண்டு.

சர்வரில் ஒரு புதிய கோப்பு இருந்தது. பெயர்: 43. அளவைப் பார்த்ததும் தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்தாள். ஒரு கம்ப்யூட்டருக்குள் அவ்வளவு அடங்காது. அந்தக் கூடத்தில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டரையும் சேர்த்தாலும் அடங்காது. அந்த சர்வரின் டிஸ்க்கிலேயே அவ்வளவு இடம் கிடையாது. ஆனாலும் இருந்தது.

திறந்தாள். உள்ளே ஆயிரக்கணக்கில் பிரிவுகள். பெரும்பாலானவற்றின் பெயர் அவளுக்குப் புரியவில்லை. ஒன்று புரிந்தது. பழைய தேர்வு நாளின் பதிவு. அவள் தன் கையால் அழித்த பதிவு.

10:14 நின்றது. 10:41 நின்றது. 11:02 நின்றது. இழந்த நேரம் முப்பத்தெட்டு நிமிடம்.

அந்த ஒரு பதிவை மட்டும் தன் பென் டிரைவில் எடுத்துக்கொண்டாள். மற்றது எதையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

2:50க்குப் பாட்டீல் வந்தார். சட்டையில் கல்யாண வீட்டுச் சந்தன வாசனை.

"எல்லாம் ரெடியா மேடம்? எண்பதாவது மெஷின் எங்க? காட்டுங்க, வித்துடலாம்" என்று சிரித்தபடி சர்வர் திரையைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இது என்ன இவ்வளவு பெருசா அடைச்சுட்டிருக்கு?"

"நாற்பத்து மூணாம் சீட்ல இருந்து வந்தது, சார்."

"அது ஏதோ குப்பை. நாளைக்கு ஏழு மணிக்கு இன்ஸ்பெக்ஷன். டிஸ்க்ல இடம் இல்லன்னா சர்வர் படுத்துடும். அழிங்க."

"சார், இதுல அந்தப் பொண்ணோட..."

"எந்தப் பொண்ணு?" அவர் அவளைப் பார்த்த பார்வையில், அவருக்கு எந்தப் பெண் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. "மேடம். உங்க மகள் டென்த் போகப் போறா இல்ல? அழிங்க."

வேண்டியது பென் டிரைவில் இருக்கிறது என்று சுவர்ணா நினைத்தாள். மீதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நிஜமாக அழிக்கவா என்று சர்வர் ஒரு தடவை கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

மணி மூன்று ஐந்து.

அவ்வளவு பெரிய கோப்பு. ஒரு நொடியில் போய்விட்டது.

மறுநாள் தேர்வு எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. அன்று சாயந்தரமே சுவர்ணா தேர்வு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். தான் பொய்க் கையெழுத்துப் போட்டதை எழுதினாள். பதிவை இணைத்தாள். தன் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் போட்டாள்.

ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. நாலே வரி. அந்தக் கம்ப்யூட்டர் இரண்டு வருஷத்துக்கு முன்பே பழைய இரும்பாகப் போய்விட்டது என்று மையம் தெரிவிக்கிறது. இல்லாத கம்ப்யூட்டரிலிருந்து பதிவு வர வாய்ப்பில்லை. புகார் முடித்து வைக்கப்படுகிறது. மேலும் விண்ணப்பதாரர் வயது வரம்பைக் கடந்துவிட்டார்.

அதே வாரம் பாட்டீல் அவளை வேலையிலிருந்து எடுத்தார். "உங்களுக்கு ஓய்வு வேணும் மேடம். தலைக்குள்ள எண்பதாவது மெஷின் ஓடுது" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். சிலர் சிரித்தார்கள்.

அதற்கடுத்த நாள் சுவர்ணா நவலகுந்து பஸ் ஏறினாள். பதிவையும் பதில் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு. காலில் விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். போகிற வழியெல்லாம் ஒரே பயம். அந்தப் பெண் செத்துப்போயிருப்பாள், வீட்டில் மாலை போட்ட படம்தான் இருக்கும் என்று.

ஊருக்குள் கரிசல் சேறு. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விசாரித்துப் போனாள். தகரக் கூரை வீடு. வாசலில் ஒரு வயதான அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பெயர் கல்லவ்வா. பாகீரதியின் அம்மா.

உள்ளே பாயில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பாகீரதி. உயிரோடு.

சுவர்ணாவுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில். அவள் முன்னால் மண்டியிட்டு, "என்னைத் தெரியுதாம்மா? ஹூப்ளி... எக்ஸாம்... மேடம்..." என்றாள்.

பாகீரதி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் இல்லை. வெறுப்பு இல்லை. எதுவும் இல்லை. பளிங்கு மாதிரிக் கண்.

"அவளைக் கேக்காதீங்கம்மா" என்றாள் கல்லவ்வா. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

"என்ன ஆச்சு?"

"நல்லாத்தான் இருந்தா. எக்ஸாம் போச்சுன்னு ரெண்டு வருஷம் மனசு வெந்துட்டே இருந்தா, ஆனா நல்லாத்தான் இருந்தா. ஊர்ப் பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுப்பா. பஞ்சமிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும், இதோ இந்தச் சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தவதான். கூப்பிட்டா பதில் இல்ல. கண்ணு திறந்திருக்கு. வலது கை விரல் மட்டும் தரையைத் தட்டிட்டே இருந்துச்சு."

சுவர்ணா பாகீரதியின் வலது கையைப் பார்த்தாள்.

"ஒண்ணரை மணிக்கு மூச்சு நின்னுபோச்சு. நர்சம்மா வந்து கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. குளிப்பாட்ட வெந்நீர் போட்டாச்சு. என் தம்பி மூங்கில் வெட்டப் போயிட்டான்."

"அப்புறம்?"

"மூணு மணி பஸ் இங்க திரும்பிப் போகும். அது போன கொஞ்ச நேரத்துல, யவ்வா, எழுந்து உட்கார்ந்துட்டா! ஊரே சாமி கிருபைன்னு கும்பிட்டுச்சு. நானும் கும்பிட்டேன்."

கல்லவ்வா கடலையைக் கீழே வைத்தாள்.

"எழுந்தவ என்னைப் பாத்து, நீங்க யாருன்னு கேட்டா."

வீட்டுக்குள் ஒரு சின்னப் பெண், இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், பாகீரதிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாகீரதியிடம் டியூஷன் படித்தவள். மடியில் சிலேட்டு. அதில் கன்னட முதல் எழுத்தைப் பெரிதாக எழுதி, பாகீரதியின் கையைப் பிடித்து அதன்மேல் நகர்த்தினாள்.

"பி.ஏ. படிச்ச பொண்ணும்மா" என்றாள் கல்லவ்வா. "இப்போ அவ பேரைக்கூட எழுதத் தெரியல. டாக்டருங்க தலையைப் படம் எடுத்துப் பாத்தாங்க. அடிபடல, நோய் இல்ல, எல்லாம் புதுசு மாதிரி சுத்தமா இருக்குன்னு சொல்றாங்க. அவளுக்குள்ள இருந்ததெல்லாம் எங்க போச்சும்மா?"

சுவர்ணா அந்தப் பென் டிரைவைக் கொடுக்காமலே திரும்பிவிட்டாள். பொய்க் கையெழுத்துப் போட்டதைக் கல்லவ்வாவிடம் சொன்னாள். காலில் விழுந்தாள். கல்லவ்வா அவளைத் தூக்கி நிறுத்தி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். சாப்பிட்டாள்.

அன்றைக்கு மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குச் சர்வரிலிருந்து தான் எதை அழித்தாள் என்பதை மட்டும் கல்லவ்வாவிடம் சொல்லவில்லை.